வானம் கன்டினியூட்டியில் இல்லை

கடவுளே தில்லியில் ஒரு படப்பிடிப்பு வைத்திருந்தாலும், முதல் ஷாட்டுக்கும் இரண்டாவது ஷாட்டுக்கும் நடுவில் சூரியனை நகர்த்தியதற்காகக் கன்டினியூட்டியிடம் திட்டு வாங்காமல் தப்பித்திருக்க முடியாது. அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் நோட்டைத் திறந்து, "மொத ஷாட்ல ஒங்க சூரியன் வேப்பமரத்துக்கு எடது பக்கம்லா இருந்துச்சு" என்று ஆதாரத்தைக் காட்டியிருப்பாள்.

போன வாரம் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெண், "சார், படிக்கிறப்ப நீங்க ஒரு மியூசிக் வீடியோ எடுத்தீங்களாமே, அதுல என்ன கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாள். வெளிச்சம், எடிட்டிங், குழு மனப்பான்மை என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு இறங்கினேன். மெட்ரோவில் திரும்பும்போதுதான் வெட்கமாக இருந்தது. நான் கற்றுக்கொண்டது எல்லாமே அந்த ஒருத்தியிடம்தான். அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. எங்கள் கல்லூரியில் அதைப் பயன்படுத்தியது வருகைப் பதிவேடு மட்டும்தான்.

அந்த வருகைப் பதிவேடுதான் எல்லாவற்றுக்கும் மூலம். மூன்றாம் ஆண்டில் எங்கள் துறையில் தமிழ்ப் பிள்ளைகள் ஏழு பேர். ஆறு பேருக்கு வருகை குறைவு. கேன்டீனில் பதிவேடு வைத்திருந்தால் நாங்கள்தான் முதலிடம். துறைத்தலைவி ஒரு பஞ்சாபி அம்மாள். நல்ல மனசு, கண்டிப்பான பேனா. எங்களை நிற்க வைத்து ஒரு வழி சொன்னார். ஜனவரி கடைசியில் துறை ஆண்டு விழா. அதில் திரையிட ஒரு தமிழ்ப் பாட்டு வீடியோ எடுத்துக் கொடுத்தால், நாங்கள் வராத நாட்களைக் கலைப் பணிக்குப் போன நாட்களாகக் கணக்கில் எடுத்துக் கையெழுத்துப் போடுவார். வீடியோ வராவிட்டால் பரீட்சை கிடையாது, ஆறு பேரும் அடுத்த வருஷம் முதலிலிருந்து படிக்கலாம். ஊரில் எங்கப்பா ஏற்கெனவே எனக்கு வேலை பார்க்க ஆரம்பித்திருந்தார்.

கேன்டீனில் கூட்டம் போட்டோம். யாரையும் பேசவிடாமல் நான் மட்டும் பேசியதால் நானே இயக்குநர், நானே கவிஞர். காத்திருக்கும் ஒருவனைப் பற்றிய பாட்டு. முதல் சரணத்தில் 'இன்றைக்கு வந்துவிடுவாள்' என்று நம்புவான், இரண்டாவது சரணத்தில் 'இனி வரவே மாட்டாள்' என்று உடைவான். கதாநாயகி தேவையில்லை, ஏனென்றால் நடிக்க யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. கேமரா வைத்திருந்ததால் வகுப்புத் தோழன் ஜக்கி கேமராமேன். அவனுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. கதாநாயகன் தில்லி துவாரகாவிலிருந்து வரும் கார்த்திக். அவனைத் தேர்ந்தெடுத்தது நடிப்புக்காக இல்லை, தலைமுடிக்காக. காற்றே அடிக்காத இடத்திலும் பறக்கும் முடி அது.

அப்போது மேஜைக் கோடியிலிருந்து ஒரு குரல்: "கன்டினியூட்டி யாரு பாக்கா?"

ஏழாவது ஆள். ஒரு நாள்கூட வகுப்புக்கு வராமல் இருந்ததில்லை. எங்களுடன் அவள் உட்கார்ந்திருந்ததே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். கன்டினியூட்டி என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது, ஆனால் இயக்குநர் அதைச் சொல்லக்கூடாது. "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

"பொறவு எப்படிப் பாப்ப? ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவுல எதுவும் மாறக்கூடாதுல்லா? அத இப்பமே எழுதணும்ல" என்று சொல்லிவிட்டு நோட்டைத் திறந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒன் சட்டையில ரெண்டாவது பொத்தான் மட்டும் நீலம். மத்ததெல்லாம் வெள்ளை." குனிந்து பார்த்தேன். இரண்டு வருஷமாக அந்தச் சட்டையைப் போடுகிறேன், அன்றைக்குத்தான் அந்தப் பொத்தானைச் சந்தித்தேன். அந்த நிமிஷமே அவளுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். வருகை குறைந்த நாங்கள் வெயிலில் நிற்கிறோம், சரி. முழு வருகை வைத்திருக்கும் இவள் எதற்காக வருகிறாள்? கேட்டால், "நீங்க எதையாவது மாத்திப்புடுவிய" என்பாள்.

அக்டோபரில் முதல் சரணம். கோல் மார்க்கெட் பக்கம் ஒரு மிட்டாய்க் கடை, அதன் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் கார்த்திக் காத்திருக்கிறான். மேலே நீல வானம், கண்ணாடிக்குப் பின்னால் லட்டு கோபுரம். இரண்டு ஷாட் முடிந்ததும் கன்டினியூட்டி "நிப்பாட்டு!" என்று கத்தினாள். கோபுரத்தில் மூன்று லட்டு குறைந்திருந்தது.

கடைக்காரர் விற்றிருந்தார். கடைக்காரர் என்றால் விற்கத்தானே செய்வார் என்று நாங்கள் நினைத்தோம். அவள் நினைக்கவில்லை. நேராக உள்ளே போய், "பையா, யே வாலா லட்டு மத் பேச்சோ", இந்த லட்டை விற்காதீர்கள் அண்ணா என்றாள். தொப்பை குலுங்கச் சிரித்தவர், விற்பதற்காகத்தானே அடுக்கி வைத்திருக்கிறேன் மகளே என்று இந்தியில் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். அரை மணி நேரத்தில் ஒப்பந்தம் ஆனது. முன் வரிசையைத் தொடாமல் பின்பக்கத்திலிருந்து எடுத்து விற்பார். முன்பக்கம் குறைந்தால் அவளே அடுக்குவாள். மூன்றாவது நாள் அவர் அவளை வேலைக்குக் கூப்பிட்டார்.

கடைப் படியில் ஒரு தெருநாய் படுத்திருந்தது. முதல் ஷாட்டில் தற்செயலாக விழுந்துவிட்டதால் அதற்கும் வேலை நிரந்தரமாகிவிட்டது. நாய் எழுந்து போனால் படப்பிடிப்பு நிற்கும். கார்த்திக் கதறினான். "அரே, ஹீரோ நானா, நாயா?"

"நாய் சொன்ன எடத்துல கெடக்கு. நீதாம்ல ஒவ்வொரு தடவையும் தலைய வேற பக்கம் சாய்க்க" என்றாள்.

அவளையே கதாநாயகியாக நடிக்கக் கேட்டுப் பார்த்தேன். "நான் பிரேமுக்குள்ள வந்துட்டா பிரேம யாரு பாக்குறது?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் நோட்டில் எங்கள் எல்லோருடைய செருப்பு வார், வாட்சு, முகப்பரு வரைக்கும் இருந்தது. அவளைப் பற்றி மட்டும் ஒரு வரியும் கிடையாது.

முதல் சரணம் முடிந்தது. தீபாவளிக்கு எல்லோரும் ஊருக்குப் போனோம். திரும்பி வந்த அன்றைக்குக் கார்த்திக் கல்லூரிக்குத் தொப்பியோடு வந்தான். கழற்றச் சொன்னோம். மாட்டேன் என்றான். ஜக்கி பிடுங்கினான்.

பளபளவென்று மொட்டை. அங்கங்கே சந்தனம்.

"அம்மா வேண்டிண்டிருந்தாளாம் டா. நான் அரியர் கிளியர் பண்ணினா பழனில முடி குடுக்கறதா. எனக்குப் பதா ஹி நஹி தா, கசம் சே, சத்தியமா தெரியாது!"

அவன் இரண்டு வருஷமாகத் தேறாத பாடம் அது. எங்கள் பாட்டில் பாதி படம் பிடித்த பிறகுதானா தேறவேண்டும்? அவன் அம்மாவுக்குப் போன் போட்டேன். அந்த மாமி குரல் தழுதழுக்க, "பகவான் நம்மாத்துப் பக்கம் திரும்பிப் பாத்துட்டார்ப்பா. ஒங்க படமும் நன்னா வரும், கவலையே படாதே" என்று ஆசீர்வாதம் செய்தார். நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

சரோஜினி நகர் மார்க்கெட்டில் ஒரு விக் வாங்கினோம். அதை மாட்டியதும் கார்த்திக் அவனுடைய மாமாவைப் போல் ஆனான். கன்டினியூட்டி ஒரு தடவை பார்த்துவிட்டு, "வகிடு எடது பக்கம் இருக்கு. நிஜத்துல வலது பக்கம்" என்று நிராகரித்தாள். குரங்குக் குல்லா போடலாம் என்றேன். "அக்டோபர்ல எவம்ல குல்லா போடுவான்?" என்றாள். சரி, முதுகைக் காட்டி எடுக்கலாம் என்று கோல் மார்க்கெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவள் கையைக் கண்ணுக்கு மேல் வைத்து அண்ணாந்து பார்த்தாள். தீபாவளிக்குப் பிறகு தில்லியில் அண்ணாந்தால் என்ன தெரியும்? அழுக்குச் சாம்பல் நிறம். எதிர்க் கட்டடமே பாதிதான் தெரிந்தது.

நோட்டை மூடிவிட்டு நிதானமாகச் சொன்னாள். "வானம் கன்டினியூட்டில இல்ல."

அப்படியே படப்பிடிப்பு நின்றுபோனது. துறைத்தலைவி தாழ்வாரத்தில் பார்க்கும்போதெல்லாம் "வீடியோ கஹான் ஹை?", வீடியோ எங்கே என்று கேட்க ஆரம்பித்தார். நான் தூண்களுக்குப் பின்னால் நடக்கப் பழகினேன்.

கையில் காலில் விழுந்தாவது அவளைச் சம்மதிக்க வைக்கவேண்டும் என்று, நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கார்த்திக்கும் அவள் வீட்டுக்குப் போனோம். சரோஜினி நகரில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். அப்பா மத்திய அரசு வேலை, ஊர் ஊராக மாற்றல். கதவைத் திறந்த அவள் அம்மா, "வாங்கய்யா, உள்ள வாங்க" என்று நேராகச் சமையலறைப் பக்கமே கூட்டிப் போனார். அங்கே ஒரு அலமாரி. அதன் பக்கத்துச் சுவரில் நான்கு போட்டோக்கள் ஒட்டியிருந்தன. நான்கிலும் அதே அலமாரி. பருப்பு டப்பா, புளி ஜாடி, மூடி நசுங்கிய காப்பித்தூள் டப்பா, மேலே முருகன் படம், எல்லாம் அதே இடத்தில். பின்னால் சுவரின் நிறம் மட்டும் வேறு வேறு.

"தூத்துக்குடி, நாக்பூர், ஜபல்பூர், குவாஹாட்டி, அங்கேருந்து இங்க" என்று விரல்விட்டுச் சொன்னார் அம்மா. "ஒவ்வொரு தடவ மூட்ட கட்டும்போதும் போட்டோ எடுத்துருவா. புது வீட்டுல அதப் பாத்து அப்படியே அடுக்கணும். ஊரு மாறுனா மாறட்டும், டப்பா மாறப்பிடாதுன்னு ஒம்பது வயசுல ஒரே அழுக. அன்னைலருந்து இப்படித்தான்."

ஒரு ஒன்பது வயசுப் பிள்ளை புது ஊரில் புளி ஜாடியைக் கொஞ்சம் இடதுபக்கம், இன்னும் கொஞ்சம் என்று நகர்த்துவதை நினைத்துப் பார்த்தேன். அதற்குள் கன்டினியூட்டி காப்பி கொண்டுவந்து, "எதையும் தொடாதிய" என்று அதட்டினாள்.

காப்பி குடிக்கும்போது கார்த்திக் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றினான். அம்மா தலையைப் பார்த்துவிட்டுச் சமாதானம் சொன்னார். "பழனிக்கு குடுத்ததா? நல்லதுய்யா. இதுக்கா மொகத்த தூக்கி வச்சிருக்க? அடுத்த ஐப்பசில பாரு, போன ஐப்பசில இருந்த மாதிரியே நிக்கும்."

கன்டினியூட்டி தம்ளரைக் கீழே வைத்தாள்.

"எம்மா, என்ன சொன்ன?"

"முடி வளரும்னு சொன்னேன். ஏன், தப்பா?"

அவள் ஓடிப்போய் நோட்டை எடுத்து வந்தாள். கார்த்திக்கின் தலையைப் பார்த்தாள், ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நாம எடுத்தது போன அக்டோபர்னு யாருல சொன்னா? அது அடுத்த அக்டோபர். இப்ப மொட்டை, பொக வானம். ஜனவரில கொஞ்சம் முடி, பனி. கடைசில அக்டோபர், முழு முடி, நீல வானம். ஒரு வருசம் காத்துக் கெடக்கான். எல்லாம் கன்டினியூட்டில இருக்கு!"

"அப்ப பாட்டு?" என்றேன். "மொத சரணம் கடைசிக்குப் போயிடுமே?"

"போகட்டும். மொதல்ல வரமாட்டாள்னு அழுவான், கடைசில வந்துருவாள்னு சிரிப்பான். இப்பந்தாம்ல ஒன் பாட்டுல அர்த்தமே வருது."

கவிஞருக்கு வலித்தது. ஆனால் இயக்குநர் பிழைத்துக்கொண்டார். மறுநாளே மொட்டையை வைத்துப் படம் பிடித்தோம். இத்தனை நாள் வானத்தைத் திட்டியவள், "பொக இன்னும் கொஞ்சம் இருந்தா நல்லாருக்கும்" என்றாள். அந்தப் புகையை விரும்பி வரவேற்ற ஒரே தில்லிவாசி அவளாகத்தான் இருக்கவேண்டும்.

ஜனவரியில் வேறு தொல்லை. குளிருக்காக, மிட்டாய்க் கடைக்குப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஆன்ட்டி ஒருத்தர் நம் நாய்க்குச் சிவப்பு ஸ்வெட்டர் போட்டுவிட்டிருந்தார். பாதி நாள் படம் எடுத்தோம். அடுத்த நாள் போனால் நாய் பச்சை ஸ்வெட்டரில் படுத்திருக்கிறது. கன்டினியூட்டி விசாரித்து அந்த வீட்டுக் கதவைத் தட்டினாள். சிவப்பு ஸ்வெட்டர் துவைத்துக் கொடியில் கிடந்தது. தில்லி ஜனவரியில் துவைத்த துணி காய்வதென்றால், அது நாம் தேதி குறித்து நடக்கிற காரியம் இல்லை. ஆண்டு விழாவுக்கு ஐந்து நாள்தான் பாக்கி. பரீட்சை எழுதவேண்டிய ஆறு பேரும் இரண்டு நாள் முழுக்க அந்தக் கொடிக்குக் கீழே உட்கார்ந்து ஒரு நாயின் ஸ்வெட்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆன்ட்டி பரிதாபப்பட்டு எங்களுக்கு டீ கொடுத்தார். கடைசியில் கன்டினியூட்டி அதை வாங்கி இஸ்திரி போட்டே காயவைத்தாள். நாய் சூடான ஸ்வெட்டரில் அப்படியொரு நடிப்பு நடித்தது.

விழாவுக்கு முந்தைய நாள் எடிட்டிங் முடிந்தது. ஜக்கியின் சின்ன லேப்டாப்பில் ஒவ்வொரு ஷாட்டையும் அவள் பொத்தான் பொத்தானாகச் சோதித்து, "சரியா இருக்கு" என்று கையெழுத்து மாதிரி ஒரு டிக் போட்டாள்.

ஆண்டு விழா அரங்கம் நிறைந்திருந்தது. நாங்கள் ஏழு பேரும் கடைசி வரிசை. திரையில் மொட்டைத் தலையோடு கார்த்திக் புகைக்குள் நின்று அழுதான். சிலர் சிரித்தார்கள். ஜனவரி வந்தது, கட்டை முடி, பனி, சிவப்பு ஸ்வெட்டர் நாய், சிரிப்பு நின்றது. பிறகு அக்டோபர். நீல வானம், பறக்கும் முடி. கூட்டத்தில் ஒரு "ஓ!" கிளம்பியது. நிஜமாகவே வருஷம் முழுக்கப் படமெடுத்திருக்கிறார்கள் என்று நம்பிவிட்டார்கள். கடைசி ஷாட்டில் கார்த்திக் மிட்டாய்க் கடைக் கண்ணாடிப் பக்கம் திரும்பிச் சிரிக்கிறான்.

அந்தக் கண்ணாடியில், அவன் தோளுக்குப் பின்னால், ஒரு பெண் நிற்கிறாள்.

கையில் நோட்டு. தலையைக் கொஞ்சம் சாய்த்து அவனையே உற்றுப் பார்க்கிறாள். அவன் சட்டைப் பொத்தானைச் சரிபார்க்கிறாள் என்பது எங்களுக்கு மட்டும் தெரியும். லேப்டாப்பில் வெறும் நிழலாகத் தெரிந்த உருவம், பெரிய திரையில் ஆளுயரத்துக்கு நின்றது. முன்னாலிருந்து யாரோ "ஆ கயீ!" என்று கத்தினான். வந்துவிட்டாள்! அரங்கமே எழுந்து விசிலடித்தது. தமிழ் தெரியாதவர்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். துறைத்தலைவி எங்களைத் தேடி வந்து, கடைசியில் அவளைக் கண்ணாடியில் மட்டும் காட்டினாயே, அந்த யோசனைக்காகவே கையெழுத்துப் போடலாம் என்றார். "தேங்க்யூ மேடம், ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் திட்டம்" என்றேன். நான் சொன்ன பொய்களில் இன்றுவரை அதுதான் பெரியது.

பக்கத்தில் கன்டினியூட்டி தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள். காது சிவந்திருந்தது.

"தப்பாயிட்டு" என்றாள். "ஒரு ஷாட்ல இருக்கேன். அதுக்கு முன்ன ஒண்ணுலயும் இல்ல. எல்லாரையும் பாத்தேன், என்னப் பாக்கல."

பரீட்சை எழுதினோம். ஜூனில் அவள் அப்பாவுக்குப் போர்ட் பிளேருக்கு மாற்றல். மூட்டை கட்டப் போனோம். அலமாரியை ஐந்தாவது தடவையாகப் போட்டோ எடுத்தாள். பிறகு எங்களைக் கேன்டீனில் உட்காருகிற வரிசையிலேயே மூட்டைகளின் மேல் உட்காரவைத்து ஒரு போட்டோ. கார்த்திக்கை இரண்டு தடவை தள்ளி உட்காரச் சொன்னாள்.

"எங்கள அந்த ஊர்ல எந்தத் தட்டுல அடுக்குவ?" என்று கிண்டலாகத்தான் கேட்டேன்.

அவள் போட்டோவையே ரொம்ப நேரம் பார்த்தாள். "அதாம்ல தெரியல" என்றாள்.

அந்த வீடியோ இன்னும் இணையத்தில் இருக்கிறது. பார்த்தவர்களில் பாதிப் பேர் நானாகத்தான் இருப்பேன். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். இதை அந்த மூட்டைகளுக்கு நடுவிலேயே சொல்லியிருக்கலாம். எப்போதாவது அந்தமானிலிருந்து ஒரு செய்தி வரும். நலமா என்றெல்லாம் கேட்கமாட்டாள். 'எதையும் மாத்தலையே?' என்று மட்டும் கேட்பாள். முடி கொட்டிவிட்டது, வேலை மாறிவிட்டது, வீடு மூன்று தடவை மாறிவிட்டது. இருந்தாலும் 'இல்லை' என்றே பதில் அனுப்புவேன்.

முழுப் பொய் என்று சொல்லமுடியாது. அந்தச் சட்டை இப்போது எனக்குப் பத்துவதில்லை, பீரோவில்தான் தொங்குகிறது. போன மாதம் என் மனைவி அந்த நீலப் பொத்தானைப் பிய்த்துவிட்டு வெள்ளை தைக்கப் போனாள். ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டேன். என்றைக்காவது கன்டினியூட்டி வந்து நோட்டைத் திறந்தால், அந்த ஒரு பொத்தானாவது அதே இடத்தில் இருக்கவேண்டும்.